‘ஒரு மாதிரியா இருக்காங்க’: சுங்கை சிப்புட்டில் ஒரு பராமரிப்பு இல்லமும் அதன் டாக்டர் பதிவேடும்

முதியோர் இல்லங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மார்பிள் தரை, ஏர்கோன், வெள்ளிக்கிழமை சைவச் சாப்பாடு, தீபாவளிக்குக் கொடுத்த சேலை என்று எழுதுகிறார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் அம்மாவை அங்கே விட்டுவிட்டுக் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ திரும்புகிற பிள்ளையின் தூக்கத்தைக் கெடுப்பது வேறு கேள்வி. அவர் உடம்பில் ஏதாவது மாறினால் யார் கண்ணில் படும்? எவ்வளவு நேரத்தில் டாக்டர் காதுக்குப் போகும்? என்ன சொல்லிப் போகும்? இந்த மதிப்புரை அதை மட்டும்தான் பார்க்கிறது.

இல்லம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தை ஒட்டி, கோலகங்சார் போகும் பழைய சாலைப் பக்கம் இருக்கிறது. பெயர் வேண்டாம், ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். இருபது சொச்சம் கட்டில். இருப்பவர்களில் பாதிக்கு மேல் சுற்று வட்டார ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள், அவர்களுடைய வீட்டுக்காரர்கள். பட்டணத்து கிளினிக் டாக்டர் வாரத்தில் ஒரு நாள் மதியம் வந்து பார்ப்பார். மற்ற நாள்களில் தொலைபேசிதான். அவசரமென்றால் சுங்கை சிப்புட் மருத்துவமனை, அதற்கும் மேலே போனால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. வாரத்தில் மற்ற ஆறு நாளும் ஏழு இரவும் டாக்டருக்குக் கண்ணும் காதும் பராமரிப்பாளர்கள்தாம். அந்தக் கண் என்ன பார்க்கிறது என்பதில்தான் இந்த இல்லம் மதிப்பெண் வாங்குகிறது, இழக்கவும் செய்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். ஒவ்வொருவரின் கோப்பிலும் முதல் பக்கம் மஞ்சள் தாள். அதில் நோய்ப் பட்டியலுக்கு மேலேயே ‘வழக்கமாக எப்படி இருப்பார்’ என்று ஒரு கட்டம். வழக்கமான ரத்த அழுத்தம், நாடி, ஆக்சிஜன், எடை. தடி இல்லாமல் நடப்பாரா, யாராவது பிடிக்க வேண்டுமா. பேரன் பெயர் சொல்வாரா, எந்தக் காது கேட்கும். காலைப் பசியாறலுக்கு என்ன: ‘ரொட்டி இரண்டு துண்டு, கோப்பி ஓவில் (பால் இல்லாத கோப்பியில்) நனைத்து, தானே சாப்பிடுவார்.’ இந்த ஒரு வரி ரத்தப் பரிசோதனை அளவுக்கு உதவும். எண்பது தாண்டியவர்களுக்கு நோய் வந்தால் பல நேரம் பாடப்புத்தகத்தில் எழுதியபடி வராது. நெஞ்சில் கிருமி பிடித்தாலும் இருமல், காய்ச்சல் இரண்டும் இல்லாமல் போகலாம். ரொட்டி மட்டும் தட்டில் அப்படியே இருக்கும். மாரடைப்பு வெறும் அசதியாக வரலாம். ஆகவே ‘நேற்றிலிருந்து என்ன மாறியிருக்கிறது’ என்பதுதான் அடையாளம். நேற்று எப்படி இருந்தார் என்று எழுதி வைக்காத இடத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு ஆக்சிஜன் 91 என்பது வழக்கமான நிலையாக இருக்கலாம். பக்கத்துக் கட்டில்காரருக்கு அதே 91 ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிய அளவு.

குறை என்னவென்றால் மஞ்சள் தாள்களில் சிலவற்றின் தேதி பழையது. மருத்துவமனை அப்பாயின்மெண்டில் ரத்தக் கொதிப்பு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருப்பார்கள், தாளில் பழைய அழுத்தம்தான் நிற்கும். பழைய ‘வழக்கம்’ காலித் தாளை விட ஆபத்து, ஏனென்றால் அதை நம்பிவிடுவோம். மருந்து மாறினால் அன்றே ஒரு தடவை, மற்றபடி மாதம் ஒரு தடவை என்று புதுப்பிக்கும் ஒழுங்கு இங்கே இன்னும் வரவில்லை.

அடுத்தது படச்சீட்டு. அமெரிக்காவில் புளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இன்டராக்ட் என்ற திட்டத்தில் முதியவரிடம் கண்ட மாற்றத்தைக் குறிக்க ‘ஸ்டாப் அண்ட் வாட்ச்’ என்று ஒரு சீட்டை உருவாக்கினார்கள். வழக்கம்போல் இல்லை, பேச்சு குறைந்தது, உதவி கூடுதலாகத் தேவைப்படுகிறது, வலி, சாப்பாடு குறைந்தது, மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை அல்லது வயிற்றுப்போக்கு, தண்ணீர் குடிப்பது குறைந்தது, எடை மாறியது, படபடப்பு, சோர்வும் குழப்பமும், தோல் நிறம் மாறியது, நடக்க அதிகம் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று பன்னிரண்டு அடையாளங்கள். படித்த தாதிதான் எழுத வேண்டும் என்றில்லை, யார் வேண்டுமானாலும் வட்டம் போடலாம் என்பதுதான் அதன் உயிர். இந்த இல்லம் அதையே சின்னப் படங்களாக வரைந்து, மலாயிலும் தமிழிலும் ஒரு சொல் போட்டு வைத்திருக்கிறது. பராமரிப்பாளர்களில் இருவர் இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்குப் படம் போதும். சமையல்கார அக்காவுக்கும் ஒரு கட்டுச் சீட்டு கொடுத்திருப்பது நல்ல யோசனை. திரும்பி வரும் தட்டை முதலில் பார்ப்பது அவர்தான். துணி துவைப்பவருக்கும் ஒரு கட்டு கொடுக்கலாம். யாருடைய படுக்கை விரிப்பு திடீரென்று தினமும் நனைகிறது என்று அவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

சீட்டு தாதியின் கைக்குப் போனதும் அளவெடுக்க வேண்டும். அளவு தப்பினால் அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் தப்பும், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூச்சு எண்ணிக்கை. எந்த இல்லத்துக்குப் போனாலும் பதிவேட்டில் இந்த வரிசையைப் பாருங்கள். 20, 20, 18, 20, 20 என்று நேர்க்கோடாகப் போனால் யாரும் எண்ணவில்லை என்று பொருள். முழு 60 வினாடி எண்ண வேண்டும். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு மூச்சு தவறினாலும் நான்கு தவறிவிடும். ‘மூச்சு எண்ணப் போறேன் பாட்டி’ என்று சொன்னால் அவர் மூச்சையே மாற்றிக்கொள்வார். நாடி பிடிப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பார்க்க வேண்டும். இத்தனை பாடு எதற்கென்றால் நெஞ்சுக் கிருமியை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த எண்தான். அமைதியாகப் படுத்திருக்கும் முதியவருக்கு நிமிடத்துக்கு 25 வந்தால் டாக்டரைக் கூப்பிட வேறு காரணம் தேட வேண்டாம். இந்த இல்லத்தில் பகல் பதிவேட்டில் 17, 22, 19 என்று உயிருள்ள எண்கள் இருக்கின்றன. ராத்திரிப் பக்கத்தில் 20தான் கோடு போட்டாற்போல் ஓடுகிறது. அரை மதிப்பெண் அங்கேயே போயிற்று.

ஆக்சிஜன் பார்க்கும் விரல் கிளிப்பை மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில், கையைச் சூடாகத் தேய்த்துவிட்டு மாட்ட வேண்டும். எண் நிலைக்கும்வரை விட்டுப் பார்க்க வேண்டும். மாட்டிய உடனே வருவதை எழுதக் கூடாது. கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மையை விடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பது 2020இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு பரவலாகப் பேசப்பட்டது. நம் பாட்டி தாத்தாக்களுக்கு இது நேராகப் பொருந்தும் விஷயம். திரை 94 காட்டுகிறது, ஆளோ மூச்சு வாங்குகிறார் என்றால் ஆளை நம்புங்கள்.

காய்ச்சலில் இரண்டு தப்பு வழக்கம். ஒன்று, 38 வந்தால்தான் காய்ச்சல் என்று உட்கார்ந்திருப்பது. பராமரிப்பு இல்லத்து முதியவர்களுக்கு வாயில் ஒரே தடவை 37.8 வந்தாலே காய்ச்சல், திரும்பத் திரும்ப 37.2க்கு மேல் வந்தாலும் காய்ச்சல், வழக்கத்தை விட 1.1 டிகிரி ஏறினாலும் காய்ச்சல் என்று கொள்வது அமெரிக்கத் தொற்றுநோய் நிபுணர்களின் வழிகாட்டி. இன்னொன்று, பெனடால் கொடுத்துவிட்டு அளப்பது. அளந்து, எழுதி, பிறகு கொடுங்கள், கொடுத்த நேரத்தையும் எழுதுங்கள். இங்கே அதைச் சரியாகச் செய்கிறார்கள். நெற்றியில் காட்டும் துப்பாக்கிக் கருவியை மட்டும் நம்பியிருப்பது பிடிக்கவில்லை. விசிறிக்கு அடியில் படுத்திருப்பவருக்கு அது குறைத்துக் காட்டும். அக்குளில் வைக்கும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்று மேசை டிராயரில் தூங்குகிறது.

ரத்த அழுத்தக் கருவியின் கைப்பட்டை ஒரே அளவுதான் இருக்கிறது. ஒல்லிக் கைக்குப் பெரிய பட்டை சுற்றினால் குறைத்துக் காட்டும், பருத்த கைக்குச் சின்னது சுற்றினால் கூட்டிக் காட்டும். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அறுவை செய்து இணைத்த ரத்தக் குழாய்) வைத்த கையில் சுற்றவே கூடாது. அந்தக் கட்டில்களின் தலைமாட்டில் எந்தக் கை என்று சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறார்கள். இதற்குப் பாராட்டு.

எண்களை வைத்து என்ன செய்வது? பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆப் ஃபிசிஷியன்ஸ் 2017இல் வெளியிட்ட, உடல்நிலை மோசமாவதைப் புள்ளிகளால் காட்டும் நியூஸ் 2 அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். மூச்சு, ஆக்சிஜன், அழுத்தம், நாடி, நினைவு, காய்ச்சல் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருப்பவருக்கு இன்னும் 2. கூட்டினால் 5 வந்தால் அவசரமாகக் காட்ட வேண்டும், 7 தொட்டால் ஆபத்து. அந்த அட்டவணை மருத்துவமனைக்காகச் செய்தது. ஆனால் சின்ன இல்லத்துக்கு அது தரும் லாபம் பெரியது: ‘எனக்கென்னமோ பயமா இருக்கு டாக்டர்’ என்று தயங்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணின் கையில் ஓர் எண் இருக்கும்.

தொலைபேசிக்குப் பக்கத்தில் நான்கு கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. நிலைமை, பின்னணி, நம் கணிப்பு, நம் வேண்டுகோள். அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து வந்து, கைசர் பெர்மனென்டே மருத்துவ நிறுவனம் வழியாக 2000களில் மருத்துவத்துக்குள் நுழைந்த முறை இது, ‘எஸ்பார்’ என்பார்கள். பெயர் என்னவோ, வேலை எளிது. கிளினிக்கில் வரிசையில் ஆள் காத்திருக்க, இரண்டு நிமிடம் கிடைக்கும் டாக்டரிடம் எதை முதலில் சொல்வது என்பதுதான். வித்தியாசம் தெரிய ஒரே ஆளைப் பற்றிய இரண்டு அழைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இவை பயிற்சிக்குச் சொல்லும் மாதிரிகள்.

முதலாவது: “டாக்டர், பாட்டி காலையிலேருந்து ஒரு மாதிரியா இருக்காங்க. சாப்பிட மாட்டேங்கிறாங்க. காய்ச்சல் பெருசா இல்லை.” இதைக் கேட்ட டாக்டர் என்ன சொல்வார்? “தண்ணி நிறையக் குடுங்க, சாயந்திரம் சொல்லுங்க.” அவர் மேல் தப்பில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்.

இரண்டாவது: “டாக்டர், இல்லத்திலிருந்து தாதி பேசுறேன். ஏழாம் கட்டில் அம்மா, வயசு 81. காலையிலேருந்து தூங்கி வழியிறாங்க, கூப்பிட்டா கண்ணைத் திறந்து பார்த்துட்டு மறுபடி மூடிக்கிறாங்க. நேத்து வரைக்கும் தானே பசியாறினவங்க, நல்லா பேசினவங்க. இனிப்பு நீர், இருதயக் கோளாறு, பிசோப்ரோலோல் சாப்பிடுறாங்க, பென்சிலின் ஒத்துக்காது. மூச்சு 26. ஆக்சிஜன் 92, வழக்கமா 97. அழுத்தம் 104க்கு 60, வழக்கமா 140 பக்கம். நாடி 88. காய்ச்சல் 37.9, பெனடால் இன்னும் கொடுக்கலை. சர்க்கரை 9.2. நியூஸ் ஒன்பது வருது. நெஞ்சுல கிருமியோன்னு நினைக்கிறேன். ஆம்புலன்ஸுக்கு 999ல சொல்லியாச்சு, அது வர்ற வரைக்கும் நான் என்ன செய்யணும்?”

கூட்டிப் பாருங்கள். மூச்சுக்கு 3, ஆக்சிஜனுக்கு 2, அழுத்தத்துக்கு 1, கூப்பிட்டால் மட்டும் கண் திறப்பதற்கு 3. நாடிக்கும் காய்ச்சலுக்கும் பூஜ்ஜியம். ‘காய்ச்சல் பெருசா இல்லை’ என்ற முதல் அழைப்பு, ஒன்பது புள்ளியை மறைத்துவிட்டுப் பூஜ்ஜியத்தை மட்டும் டாக்டரிடம் சொல்லியிருக்கிறது. நாடி 88 பார்க்க நல்ல எண். ஆனால் பிசோப்ரோலோல் நாடியை ஓடவிடாமல் பிடித்து வைக்கும் மாத்திரை, அது இல்லையென்றால் 110 அடித்திருக்கலாம். மருந்தின் பெயரை எண்ணோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது இதனால்தான். கடைசியில் வேண்டுகோள் வைக்கத்தான் நம் ஆட்களுக்கு நாக்கு எழாது. டாக்டருக்கே யோசனை சொல்வதா என்ற கூச்சம். வந்து பாருங்கள், அனுப்பட்டுமா, மருந்தை நிறுத்தட்டுமா என்று ஏதாவது ஒன்றைக் கேட்காமல் போனை வைத்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

மொழிச் சிக்கலுக்கு வருவோம். நம் ஊரில் இதுதான் பெரிய ஓட்டை, வெளிநாட்டுக் கையேடு எதிலும் இதற்குப் பதில் இல்லை. பாட்டி தமிழில் சொல்கிறார். பராமரிப்பாளர் இந்தோனேசிய மலாயில் தாதியிடம் சொல்கிறார். தாதி பாதி மலாய், பாதி ஆங்கிலத்தில் டாக்டரிடம் சொல்கிறார். ‘மயக்கமா வருது’ என்பது ‘பெனிங்’ ஆகும். பெனிங் என்றால் தலைசுற்றலும் ஆகலாம், தலைவலியும் ஆகலாம். பாட்டி சொன்னதோ எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்பது, அதாவது அழுத்தம் இறங்குகிறது. தலைவலி மாத்திரை வந்து சேரும். இன்னும் மோசம் ‘இழுப்பு’. தமிழில் மூச்சிரைப்பும் இழுப்புதான், கைகால் வெட்டுவதும் இழுப்புதான். ஒன்று ‘செம்புட்’, மற்றது ‘சவான்’. தப்பான சொல் போனால் தப்பான வைத்தியம் வரும். ‘நெஞ்சு கரிக்குது’, ‘நெஞ்சு அடைக்குது’ இரண்டும் மலாயில் ஒரே நெஞ்சுவலி ஆகிவிடும்.

இந்த இல்லம் கண்டுபிடித்த வழி மலிவானது, பிரமாதமானது. முதியவர் சொன்ன சொல்லை அப்படியே மேற்கோளில் எழுதிவிட்டு, தமிழ் தெரிந்த ஒருவர் (பெரும்பாலும் அதே சமையல்கார அக்கா) பிரித்துக் கேட்கும் கேள்விகளை ஒரு தாளில் வைத்திருக்கிறார்கள். மயக்கம் என்றால்: “வீடு சுத்துதாம்மா, கண்ணு இருட்டுதா, தலை வலிக்குதா?” இழுப்பு என்றால்: “மூச்சா, கை காலா?” விரலால் இடத்தைக் காட்டச் சொல்வது. இதற்கு முழு மதிப்பெண். அந்தக் காலத்துத் தோட்டத்து டிரெசருக்கு (தோட்ட மருந்தகத்தில் வைத்தியம் பார்த்த உதவியாளருக்கு) இந்தத் தாள் தேவைப்பட்டிருக்காது. எந்த லயத்தில் எந்தக் கிழவி ‘காத்து’ என்று சொன்னால் வயிறு, எந்தக் கிழவி சொன்னால் முதுகு என்று அவருக்குத் தெரியும். அவர் போய்விட்டார், தாள் வந்திருக்கிறது.

டாக்டருக்குப் போன் போட்டுக் காத்திருக்காமல் நேராக 999 அழைக்க வேண்டியவை சிவப்புத் தாளில் இருக்கின்றன. பட்டியல் சரி, ஆனால் பக்கவாதத்துக்கு எதிரில் ‘கண்ட நேரம்’ என்று அச்சடித்திருப்பது பிழை. மருத்துவமனை கேட்பது கடைசியாக நல்லபடி இருந்த நேரம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரக் கெடு, அந்தக் கெடு அங்கிருந்துதான் ஓடத் தொடங்கும். காலை ஆறு மணிக்கு வாய் கோணியிருப்பதைப் பார்த்தவர் ‘ஆறு மணி’ என்று எழுதினால் பொய். இரவு பத்துக்குப் பால் குடித்துவிட்டுப் படுத்தார், இரண்டு மணிக்குக் கழிப்பறைக்குத் தானே நடந்து போனார் என்றால் ‘இரண்டு மணி’. ராத்திரிச் சுற்றில் யார் யாரை எப்போது பார்த்தோம் என்று எழுதி வைக்கும் இல்லத்தில்தான் இந்த எண் கிடைக்கும்.

விழுந்தவர் வார்ஃபரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரா, தலை பட்டதா என்ற இரண்டும் முதல் வாக்கியத்திலேயே வர வேண்டும். இரண்டுக்கும் ஆம் என்றால் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைதான். மூளையைச் சுற்றி மெல்லக் கசியும் ரத்தம் உடனே காட்டாது.

சர்க்கரை 4.0க்குக் (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) கீழே இறங்கினால் டாக்டர் எண்ணைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது, விழித்து விழுங்க முடிகிறவருக்கு மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 999. கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு என்ற இனிப்பு நீர் மாத்திரைக்காரர்களுக்குச் சர்க்கரை ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப இறங்கலாம். ‘சரியாகிவிட்டது’ என்று பதிவேட்டை மூடிவிடாமல் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இவர்களிடம் இதற்கு நல்ல ஒழுங்கு இருக்கிறது. பசியாறாதவருக்கு வழக்கமான இன்சுலினைக் குத்திவிடாமல் முதலில் போன் போடுகிறார்கள். பல இடங்களில் மணி ஏழானால் ஊசி ஏறிவிடும், சாப்பாடு உள்ளே போனதா என்று பார்க்க ஆளிருக்காது.

ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டரை எழுப்ப வேண்டாதவையும் உண்டு. சிறுநீர் நாற்றம், கலங்கல் மட்டும் இருந்தால் அது கிருமி ஆகாது. இந்த வயதில் சிறுநீரில் பாக்டீரியா எந்தத் தொந்தரவும் இல்லாமல் குடியிருப்பது சகஜம். எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி, திடீர்க் குழப்பம் எதுவும் இல்லாமல், சிறுநீரில் தோய்க்கும் பட்டைச் சோதனையை மட்டும் காட்டி ஆன்டிபயாட்டிக் கேட்கும் பழக்கம் இங்கேயும் இருக்கிறது, விட வேண்டும். வயிற்றுப்போக்கு என்று சொல்வதற்கு முன் மலப் பதிவைப் புரட்டுங்கள். ஐந்து நாளாக ஒன்றுமில்லை, இன்று தண்ணீராகக் கசிகிறது என்றால் அது அடைத்த மலத்தின் ஓரமாக வழிவது. போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். எடையில் ஒரு மாதத்தில் ஐந்து விழுக்காடு இறங்கினால் சொல்ல வேண்டும். 44 கிலோ பாட்டிக்கு அது இரண்டே கால் கிலோகூட இல்லை. எழ முடியாதவர்களை நிறுக்கும் தராசு இங்கே இல்லை, அவர்கள் எடைக் கட்டத்தில் சின்னக் கோடு. படுக்கைப்புண் விஷயத்தில் ஒரே ஒரு வார்த்தை: கறுத்த தோலில் சிவப்பைத் தேடாதீர்கள், தொட்டுப் பார்த்துச் சூடா, கெட்டியா என்று எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

போன் முடிந்த பிறகு நடப்பதுதான் இந்த இல்லத்தின் பலவீனம். டாக்டர் சொன்ன மருந்து, அளவு, எத்தனை வேளை, எத்தனை நாள் என்பதைத் திருப்பிச் சொல்லி அவர் ‘ஆமாம்’ என்ற பிறகு எழுத வேண்டும். பகலில் செய்கிறார்கள். ஆனால் டாக்டர் கிளினிக்கில் கூட்டமாக இருக்கும்போது வாட்சப்பில் குரல் பதிவு அனுப்புவார். பின்னால் குழந்தை அழுகை, அதற்கு நடுவே ‘அரை மாத்திரை’ என்றாரா ‘ஆறு மாத்திரை’ என்றாரா? குரல் பதிவைக் கேட்டு எழுத்தில் திருப்பி அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று விதி எழுதி வைத்திருக்கிறார்கள். பதிவேட்டில் பாதி அழைப்புகளுக்குத்தான் அந்த ஒப்புதல் குறி இருக்கிறது. இன்னொன்று ‘மறுபடி எப்போது பார்க்க வேண்டும்’ என்ற கடைசிக் கட்டம். ஆன்டிபயாட்டிக் தொடங்கியாயிற்று, சரி. எத்தனை மணிக்கு மறுபடி அளக்க வேண்டும், எந்த எண் வந்தால் திரும்பக் கூப்பிட வேண்டும்? அந்தக் கட்டம் அடிக்கடி காலியாக இருக்கிறது. காலை ஆள் மாறும்போது மதிய ஆளுக்கு ‘டாக்டர்கிட்ட சொல்லியாச்சு’ என்ற இரண்டு சொல்தான் போய்ச் சேரும். அந்த இரண்டு சொல்லோடு எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள், நோயைத் தவிர.

டாக்டர் எடுக்கவில்லை என்றால் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு தடவை, பிறகு நேராக மருத்துவமனை அவசரப் பிரிவு என்பது இவர்கள் விதி. நியாயமானது. எப்போது அழைத்தோம் என்பதையும் எழுதுகிறார்கள்.

மருத்துவமனைக்கு அனுப்பும்போது கூடப் போகும் உறை தயாராகத் தொங்குகிறது. அடையாள அட்டை நகல், மருந்துப் பட்டியல், ஒவ்வாமை, மஞ்சள் தாள் நகல், அன்றைய எண்கள், குடும்பத்தின் தொலைபேசி எண், மூச்சுக் குழாய் போடுவது போன்றவற்றில் முன்கூட்டியே சொன்ன விருப்பம். மூக்குக்கண்ணாடியும் காதுக் கருவியும் அதே உறையில். இவை இல்லாமல் போனவர் ஈப்போவில் ‘குழப்பத்தில் இருக்கிறார்’ என்று எழுதப்படுவார். திரும்பி வரும்போதுதான் கவனம் பிசகுகிறது. வெளியேற்றுச் சீட்டில் அம்லோடிபின் என்றிருக்கும், இல்லத்து டப்பாவில் நோர்வாஸ்க் என்றிருக்கும். இரண்டும் ஒரே ரத்தக் கொதிப்பு மருந்து. இரண்டையும் கொடுத்தால் அழுத்தம் தரைக்குப் போகும். மருத்துவமனையிலிருந்து வந்தவரின் பழைய டப்பாவை டாக்டர் பார்க்கும்வரை தனியே எடுத்து வைக்கும் பழக்கம் வர வேண்டும்.

குடும்ப வாட்சப் குழு பற்றியும் சொல்ல வேண்டும். படுக்கைப்புண் படத்தை முகம் தெரிய, பிள்ளைகள், மருமக்கள், பக்கத்து வீட்டு மாமா எல்லோரும் இருக்கும் குழுவில் போடுவது அநாகரிகம். டாக்டருக்கு அனுப்பும் படத்தில் முகம் வேண்டாம். பக்கத்தில் ஓர் அடிக்கோலும் தேதியும் போதும். குழுவில் ஒரு மகள் ‘சுக்குத் தண்ணி குடுங்க’ என்பார், இன்னொரு மகன் ‘ஈப்போவுக்குக் கொண்டு போங்க’ என்பார். முடிவெடுக்கும் ஒரே ஆள் யார் என்று சேர்க்கும் நாளிலேயே கையெழுத்து வாங்குகிறார்கள். அது சரியான காரியம்.

சேர்ப்பதற்கு முன் உரிமத்தையும் பாருங்கள். சமூக நல இலாகாவில் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் (சட்டம் 506) பதிவான இடமும், சுகாதார அமைச்சின் 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் (சட்டம் 586) உரிமம் பெற்ற தாதியர் இல்லமும் ஒன்றல்ல. வாசலில் ‘நர்சிங் ஹோம்’ என்று பலகை இருந்தால் எந்தச் சட்டம் என்று கேட்பதில் வெட்கமில்லை. டாக்டர் வருகைக்கும் தொலைபேசி ஆலோசனைக்கும் தனிக் கட்டணமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தனிக் கட்டணமென்றால் சின்ன மாற்றத்துக்குக் கூப்பிடக் கை தயங்கும்.

ஐந்துக்கு மூன்றரை. மஞ்சள் தாள், படச்சீட்டு, மொழித் தாள் மூன்றும் இந்த அளவு இல்லத்தில் எதிர்பார்க்காதவை. எண்ணாமல் எழுதிய ராத்திரி மூச்சு வரிசையும், ராத்திரி மாடிக்கும் கீழுக்கும் ஒரே ஆள் என்பதும், காலியாக விடும் கடைசிக் கட்டமும் ஒன்றரையைத் தின்றுவிட்டன. எழுந்து நடமாடும், இனிப்பு நீரும் கொதிப்பும் உள்ளவர்களுக்கு யோசிக்காமல் பார்க்கலாம். ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருப்பவர், அடிக்கடி சர்க்கரை இறங்குபவர் என்றால் ராத்திரிக்கு இன்னோர் ஆளைப் போடும்வரை பொறுங்கள். பார்க்கப் போவதென்றால் புதன் மதியம் இரண்டு மணிக்கு மேல் போங்கள். டாக்டர் வருகிற நேரம், அழைப்புப் பதிவேடு மேசை மேல் திறந்தே இருக்கும். போன வாரத்து ராத்திரிப் பக்கத்தைப் புரட்டி, மூச்சு வரிசையை மேலிருந்து கீழே ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.